புயல் மட்டுந்தானா? – தனுஷ்கோடிப் புகையிரதப் பாதை பற்றிய எழுத்துகளை முன்வைத்து

2014ஆம் ஆண்டு தலைமன்னார்ப் புகையிரதப் பாதைக்கு நூறு வயது. அதையொட்டி மலரொன்று வெளியிட எண்ணிய நண்பர்கள் என்னிடமும் கட்டுரை கேட்டனர். மன்னார்த் தீவில் பிறந்து, 1990இற்குப் பின் புத்தளத்தில் வாழ நேர்ந்தவன் என்பதால் பொருத்தமான ஆள் என்று கருதியிருக்க வேண்டும். எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914 பெப்ரவரி 24. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கடல் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். அதில் ஓடிய நீராவிக் கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிங், பின்னாளில் இர்வின், கோஷன். திகதிகளையெல்லாம் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். மலர் வந்ததும் பலர் பாராட்டினர். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

மலரின் பிரதியொன்று செட்டிகுளத்தில் ஒரு முதியவரின் கைக்குப் போயிருக்கிறது. 1977 வன்செயலின் பின் மலையகத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர். பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். சில மாதங்கள் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார். “மாஸ்டர், கப்பல் பேரெல்லாம் வரிசையாப் போட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. அதுல ஏறுன ஆளுக பேரு ஒண்ணக்கூடக் காணோமே?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பாதை பற்றிக் கையில் கிடைத்த எழுத்துகளையெல்லாம் அந்தக் கேள்வியோடு திரும்ப வாசித்து வருகிறேன். என் கட்டுரையையும் சேர்த்து, அவற்றின் மீது எனக்குள்ள மனக்குறைதான் இது.

அறியாதோருக்காகப் பாதையைப் பற்றிச் சிறிது. பாம்பன் பாலத்தைக் கடந்ததும் தண்டவாளம் அந்நாளில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கவடு இராமேசுவரத்துக்கு, சுமார் 10 கிலோமீற்றர். மற்றது தென்கிழக்கே மணல் நாக்கின் நுனிவரை, தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கிலோமீற்றர். சென்னை எழும்பூரில் போட்மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மீண்டும் கோச்சி பிடித்துக் கொழும்புக் கோட்டைக்கு வந்துசேர்வார். அங்கே மீற்றர் பாதை, இங்கே அகலப்பாதை. பெட்டிகள் கடல் கடக்கவில்லை, ஆட்கள்தான் கடந்தார்கள். 1964 டிசெம்பர் 22 இரவுப் புயலோடு தனுஷ்கோடிக் கவடு அழிந்தது. திரும்ப அமைக்கப்படவில்லை. மேதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான எங்கள் பக்கத்துத் துண்டு 1990இல் நின்று, கால் நூற்றாண்டு காட்டுக்குள் கிடந்து, 2015 மார்ச்சில் முழுமையாகத் திரும்பியது.

இப்பாதை பற்றிய எழுத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது நிர்வாக அறிக்கை. அதன் நோக்கம் வரவும் செலவும் என்பதால் அதன்மேல் குறைசொல்ல நியாயமில்லை. இரண்டாவது ஆங்கிலத்தில் புகையிரத ஆர்வலர்கள் எழுதுவது. இஞ்சினுக்கு எத்தனை சில்லு, எந்த ஆலையில் வார்த்தது என்பதை அவர்கள் சொல்லும் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்த இஞ்சின் எதை இழுத்தது என்பதில் மட்டும் அவர்களுக்கு அத்தனை அக்கறையில்லை. மூன்றாவது வகைதான் இன்று மிகுதி. தனுஷ்கோடியைப் ‘பேய் நகரம்’ ஆக்கும் பயணக் கட்டுரை. கூரையற்ற தேவாலயம், நிலையத்தின் இடிந்த சுவர், தண்ணீர்த் தொட்டி, பின்னணியில் அலை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்நாளில் இராமேசுவரத்தில் தங்கியிருந்த செய்தி தவறாமல் வந்துவிடும். பாதையின் ஐம்பது ஆண்டு வாழ்வு இரண்டு வரியில் முடிந்து, அழிந்த ஓர் இரவு பத்துப் பக்கத்துக்கு நீளும்.

அந்த இரவைப் பற்றிய எழுத்திலேயே கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் இலக்க வண்டியில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு. டிக்கட் இல்லாமல் ஏறியோரையும் சேர்த்தால் இறந்தோர் 200 வரை இருக்கலாம் என்பதையும் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். டிக்கட் இருந்தால்தான் மனிதர் கணக்கில் வருவார் என்ற அந்த முறைமை ஒரு புயல் இரவின் தற்செயலல்ல. இந்த வழியின் ஆரம்பமே அதுதான்.

1900களின் தொடக்கத்தில், பாலம் கட்டப்படும் முன்பே, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டும் வேலையில் தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகர வில்லை. அதை வைத்திருப்பவரின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கப்படும். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவரைத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஊவாவின் மலைத் தோட்டம்வரை, பெயரே கேட்காமல், பொதிபோல அனுப்பிவைக்க அந்த வில்லை போதும். தனுஷ்கோடிப் பாதை திறந்ததும் இந்த ஆட்கள் அந்த வழியால் வந்தார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த் தடுப்புக்காக நாட்கணக்கில் அடைத்துவைத்து, மருந்து தெளித்து, பிறகுதான் பாலம் கடக்க விடுவார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு அந்த முகாம் ஜன்னல் வழியே தெரியும் ஒரு காட்சி மட்டுமே. நம் பயணக் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் அந்த ஜன்னலோரத்தில் அமர்ந்துதான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் படைப்பிலக்கியம் இதை ஈடுசெய்திருக்கிறதா? புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை எழுதியது 1930களில், ஸி. வி. வேலுப்பிள்ளையின் ‘போர்ன் டு லேபர்’ 1970இல் வந்தது. அவை நமக்குத் தோட்டத்தைக் காட்டின. அதற்குப் பிறகு மலையகச் சிறுகதை எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. ஆனால் நான் வாசித்த அளவில், லயத்தைப் பற்றிய கதைகளுக்கு முன்னால் வழியைப் பற்றிய கதைகள் மிகக் குறைவு. மண்டபத்தில் காத்திருந்த அந்த நாட்களை, கப்பலின் கீழ்த்தட்டை, தலைமன்னாரில் இறங்கி முதன்முதல் கேட்ட சிங்களச் சொல்லை யாராவது விரிவாக எழுதியிருந்தால் அதைத் தேடிப் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இனிப் புயலுக்கு வருகிறேன். அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆறு மாத வேலை என்று மதிப்பிடப்பட்டதை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் 46 நாளில் முடித்தார். அது மெச்சத்தக்க சாதனை. பாலம் 46 நாளில் எழுந்தது, தனுஷ்கோடிக் கவடு அறுபது வருடமாக எழவில்லை. நிலமே சிதைந்துபோனது, வாழத் தகாத ஊரென்று அரசு அறிவித்தது, அந்த மணல்மேல் மறுபடி தண்டவாளம் இடுவது வீண்செலவு என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனாலும் புயல் பாதையைக் கொன்றது என்று எழுதும்போது, கொல்லப்படுவதற்கு முன் அந்த உடலில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருந்தது என்று கேட்கவேண்டாமா?

1939 ஓகஸ்ட் 1இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. இந்த வழியை வயிறு நிரப்பி வந்த மூன்றாம் வகுப்புக் கூட்டத்தின் ஊற்று அன்றே அடைபட்டது. 1948இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம், ஏற்கெனவே வந்து இரண்டு தலைமுறை கண்டவர்களையும் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. புயல் அடித்தது அதற்கு 53 நாட்களின் பின்னர்! கடலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுக் கடதாசிகளை நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

உடன்படிக்கைப்படி அனுப்பப்பட்டோருக்குத் தனுஷ்கோடி இருக்கவில்லை. ‘இராமானுஜம்’ கப்பல் அவர்களைத் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன் அடைபட்டிருந்த அதே இடத்தில் பேரன். 1984இல் கப்பலும் நின்றது. அதன் பிறகும் அந்த முகாம் மூடப்படவில்லை, போருக்கு அஞ்சிப் படகேறிய அகதிகள் அதை நிரப்பினார்கள்.

செட்டிகுளத்து முதியவர் இதையெல்லாம் வேறுவிதமாகச் சொன்னார். அவருடைய அண்ணன் குடும்பம் போனது 1970களின் ஆரம்பத்தில். அட்டன் ஸ்டேஷனில் வைத்து வழியனுப்பினார்களாம். கோச்சி நகர்ந்ததும் உள்ளேயும் வெளியேயும் ஒரே ஒப்பாரி. “செத்த வீட்டிலகூட ஒரு பக்கந்தான் அழுவாங்க மாஸ்டர்” என்றார். பிறகு செட்டிகுளத்துக்கு வந்தபின், வீட்டுக்குப் பின்னால் தலைமன்னார்க் கோச்சி போகும் சத்தம் கேட்டால் கொட்டிலுக்குள் போய்விடுவாராம். அதிலும் தோட்டத்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கட்டுரைக்குத் திரும்புகிறேன். அதன் கடைசிப் பந்தியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: “1990இல் போர்ச்சூழல் காரணமாகச் சேவை இடைநிறுத்தப்பட்டது.” முதியவரின் கேள்விக்குப் பிறகு அந்த வாக்கியத்தை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கோச்சி நின்ற அதே வருடம் ஒக்டோபரில்தான் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டிக் கரையில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகுக்கு நின்றவன் நான். தோட்டாவெளி ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் பார்த்த வாப்பாவின் முகம் எனக்கு ஞாபகமிருக்கிறது. கோச்சி இருந்திருந்தால் கடலில் போகத் தேவையில்லை என்று அவர் முணுமுணுத்ததும் ஞாபகமிருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது, நிர்வாக அறிக்கை எழுதும் எழுதுவினைஞரின் வாக்கியந்தான் என் பேனாவிலிருந்து வந்தது. சேவை இடைநிறுத்தப்பட்டதாம்! மற்றவர்களின் பெயரை மட்டுமல்ல, என் பெயரையும் நானே வெட்டியிருக்கிறேன். ஆய்வு என்றால் அப்படித்தான் எழுதவேண்டுமென்று யார் எனக்குச் சொல்லித்தந்தார்கள் என்று தெரியவில்லை.

தனுஷ்கோடிப் பாதையை மீள அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறந்தார்கள். இரண்டு நிகழ்வையும் பற்றிய செய்திகளைத் தேடித்தேடி வாசித்தேன். பாலத்தின் நீளமும் செலவும் நிறையவே எழுதப்பட்டிருந்தன.

இப்போது கட்டுரையைத் திருப்பி எழுதுகிறேன். கப்பல்களின் பெயர்கள் அப்படியே இருக்கட்டும், அவற்றுக்குக் கீழே ஆட்களின் பெயர்களைச் சேர்க்கிறேன். தோட்டாவெளிக்குக் கீழே எங்கள் தெருவிலிருந்து நாற்பத்தொரு பேர் இதுவரை. அட்டனுக்குக் கீழே முதியவரின் அண்ணன், மதினி, இரண்டு பெண்பிள்ளைகள். மூன்றாவது ஒரு கைக்குழந்தை. அதன் பெயரைக் கேட்டபோது வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஆம்பளப் புள்ளதான். பேரு வச்சாங்க. மறந்துபோச்சே” என்றார். மதினி போட்ட பழைய கடிதங்கள் மகள் வீட்டில் இருக்கின்றனவாம். எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.