நாற்பதாவது நிமிடத்தில் டிரம்மரின் கால்

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் 1975 ஜூலை 1 அன்று முகமது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்று மோதினார். புழுக்கம் தாங்க முடியாத பகல் அது. எந்தச் சுற்றில் யாருடைய கை இறங்கியது, கால் எப்போது கனத்தது என்று அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அதே அரங்கில் 2013 ஆகஸ்ட் 21 இரவு மெட்டல் குழுவான மெட்டாலிக்கா வாசித்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் கூட்டம், கறுப்புச் சட்டை, சத்தம் என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடுகிறது. எப்படி வாசித்தார்கள், யாருடைய கை ஓய்ந்தது, யார் தாளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள் என்று கேட்பவர் இல்லை. ஹெவி மெட்டல் காதுக்கான கலை. அதே அளவுக்கு உடல் உழைப்பும் கூட. விளையாட்டுப் பக்கத்தில் அதை அலச எனக்குத் தயக்கம் இல்லை.

முதலில் வலது கை. மெட்டாலிக்காவின் 1986 பாடலான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டரை நிமிடம் ஓடும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 210 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு மீட்டல் என்று வைத்தால் வினாடிக்கு ஏழு. குழுவின் கிதார்க்காரர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இந்த ஏழு மீட்டலையும் மேலிருந்து கீழாக மட்டுமே மீட்டுவார். மேலும் கீழுமாக மாற்றி மீட்டினால் உழைப்பு பாதியாகும், ஆனால் ஓசையின் எடையும் குறைந்துபோகும். கீழ்நோக்கி மட்டும் மீட்டும்போதுதான் ஒவ்வொரு ஒலியும் ஒரே கனத்தோடு விழுகிறது. அதற்கு மேல், உள்ளங்கையின் விளிம்பால் கம்பியை அடக்கிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் விரல் வழுக்கும், கம்பி வியர்வையில் ஊறும். கிள்ளான் பள்ளத்தாக்கின் சின்ன மண்டபங்களில் குளிர்சாதனம் திணறும் இரவுகளில் வாசிக்கும் நம் பையன்கள் இதே சோதனையைத்தான் கடக்கிறார்கள். இரண்டாவது பாடலிலேயே மேலும் கீழுமாக மாறிவிடும் கை எது, கடைசி வரை தாங்கும் கை எது என்பது, ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் அடியை, உற்றுக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து டிரம்மர். பிளாண்டி குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கை வைத்து இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மேடையில் அவருடைய இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 வரை இருந்தது, உச்சத்தில் 190-ஐத் தொட்டது. முதல்தர விளையாட்டு வீரர்களோடு ஒப்பிடத்தக்க உழைப்பு என்று அவர்கள் சொன்னார்கள். பிளாண்டி மெட்டல் குழு அல்ல. இரண்டு காலாலும் மிதிக்கும் டபுள் பெடலும் இடைவிடாமல் பாயும் பிளாஸ்ட் பீட்டும் சேர்ந்த டெத் மெட்டலில் இந்தச் சுமை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். கணுக்கால் மட்டும் வேலை செய்ய வேண்டும், தொடை இறுகக் கூடாது. தொடை இறுகினால் வேகம் போகும், வேகத்தை விடாமல் பிடிக்கப் பார்த்தால் சீர்மை போகும். வலது கால் ஓங்கியும் இடது கால் தேய்ந்தும் ஒலிக்கத் தொடங்கினால் அந்த டிரம்மருக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள். உயிரைக் கொடுத்து அடித்தார் என்று ரசிகர்கள் மெச்சுவார்கள். நான் உயிரைச் சிக்கனமாகச் செலவு செய்தவருக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு வருகிறேன், கணக்கு. சுவீடனின் மெஷுகா குழு 2002-இல் வெளியிட்ட ‘ரேஷனல் கேஸ்’ பாடலில் டிரம்மர் தோமாஸ் ஹாக்கே கையால் நான்கு எண்ணிக்கையை நேராகப் பிடித்து நிற்பார். கிதாரும் பேஸும் வேறு நீளமுள்ள அடியைத் திரும்பத் திரும்ப வாசித்து அந்த நான்கை விட்டு விலகிக்கொண்டே போகும். கேட்பவர் வழி தவறிவிட்டோம் என்று நினைக்கும் தருணத்தில், 64-ஆவது தட்டில் இரண்டும் ஒன்றாக வந்து இறங்கும். ஆதி தாளத்தில் எட்டு எட்டாக எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு ஆவர்த்தனம். மிருதங்கத் தனியில் கோர்வை வைத்துச் சமத்தில் விழுவதை அறிந்த காதுக்கு இது அந்நிய இசையே அல்ல. ஜொனாதன் பீஸ்லாக் என்ற இசையியல் அறிஞர் மெஷுகாவின் தாள அமைப்பை அலசி 2007-இல் நீண்ட கட்டுரை எழுதினார். அதில் பக்கம் பக்கமாக விளக்கப்படும் கணக்கை, பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் தொடையில் தாளம் போட்டு வளர்ந்த பிள்ளை இரண்டு முறை கேட்டால் பிடித்துவிடும். ஏழு எண்ணிக்கையில் ஓடும் டிரீம் தியேட்டர் குழுவின் பகுதி வந்தால் மிஸ்ர சாபு என்று சொல்லிவிடும். மெட்டல் ரசனையில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய பலம் இது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, வகுப்பிலும் ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கச்சேரியில் நாம் கையால் தாளம் போடுகிறோம். மெட்டல் ரசிகர் கழுத்தால் போடுகிறார். அந்தக் கழுத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைப்படி, தலையாட்ட வைக்கும் பாடலின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தட்டு. அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் வீசினால் லேசான காயத்துக்கு வாய்ப்பு உண்டு. ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு ஆட்டலாம் என்பது அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று. பழுத்த ரசிகர்களைக் கவனியுங்கள், அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் ஆட்டுகிறார்கள். மேடைக்கு முன்னால் முட்டி மோதும் மோஷ் பிட்டை கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013-இல் அளந்தார்கள். ஒழுங்கின்றி மோதும்போது கூட்டம் வாயு மூலக்கூறுகளைப் போல நடந்துகொள்கிறது, வட்டமாக ஓடத் தொடங்கினால் சுழலாக மாறுகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் இடம்பெறாத ஒரு விதி பிட்டில் உண்டு. யாராவது விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே நின்று தூக்கிவிட வேண்டும். என்ன இனம், என்ன மொழி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த நாட்டில் மேடையின் தரத்துக்குக் குறை இருந்ததில்லை. ஜோகூர் பாருவில் 1981-இல் தொடங்கிய சர்ச், கோலாலம்பூரின் விங்ஸ் போன்ற குழுக்கள் எண்பதுகளில் மலாய் ராக்கை அரங்கம் நிரம்பும் கலையாக்கின. சர்ச்சின் ‘இசபெல்லா’ பாடல் 1989-இல் இந்தோனேசியா வரை போனது. சிட்னியில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்கள் 1987-இல் தொடங்கிய குரோமோக், திராஷ் மெட்டலின் பாய்ச்சலுக்கு நடுவே மென்மையான கிதார்த் துண்டுகளையும் கோத்து வாசித்துக் காட்டியது. வேகத்தை நிறுத்திவிட்டு மறுபடி அதே வேகத்துக்குத் தவறாமல் திரும்புவது எவ்வளவு கடினம் என்று வாசிப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் பார்த்தது வேறு. 1992-இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் நீள்முடிக்காரர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சியில் இடம் இல்லை என்றார், சர்ச்சும் விங்சும் முடியை வெட்டிக்கொண்டன. 2001-இல் கெடாவில் பிளாக் மெட்டல் பீதி கிளம்பி மாணவர்களின் உடலில் சின்னங்களைத் தேடினார்கள். மெகாடெத் அந்த ஆண்டு இங்கே வாசிக்க முடியாமல் போனது. 2005-இன் கடைசி இரவில் பழைய கிள்ளான் சாலையில் இருந்த பால்ஸ் பிளேஸ் இசைக் கூடத்தில் போலீஸ் புகுந்து சுமார் 380 பேரைப் பிடித்தது. அடுத்த ஆண்டே பிளாக் மெட்டல் பண்பாட்டுக்கு எதிராக தேசிய ஃபத்வா மன்றம் முடிவு சொன்னது. 2013-இல் மெட்டாலிக்கா வாசித்துப் போன ஆறு வாரத்துக்குள், செப்டம்பர் 28 அன்று கேஎல் லைவில் நடக்க வேண்டிய லேம்ப் ஆஃப் காட் நிகழ்ச்சிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் அம்பாங்கின் ரூமா ஆப்பி இசைக் கூடத்தில் சுமார் 160 பேர் பிடிபட்டார்கள். மத உணர்வைக் காக்கும் பொறுப்பு ஆட்சிக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நடந்த அத்தனை விசாரணைகளிலும் முடியும் சட்டையும் படமும்தான் சாட்சிகள். வாசிப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர் யாரும் இல்லை.

இந்த அனுபவம் தமிழர்களுக்குப் புதிது அல்ல. உருமி மேளக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். கிள்ளானிலும் செந்தூலிலும் மாலையில் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள், தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே மணிக்கணக்கில் நின்று அடிக்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை எழுப்புவதற்கு மணிக்கட்டில் எவ்வளவு அடக்கம் வேண்டும்! அவர்களைப் பற்றி வரும் பேச்சும் மண்டை ஓட்டுச் சட்டை, கூச்சல் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. நல்ல உருமிக்காரர் யார், தவிலோடு சேர்ந்து நடையை மாற்றும்போது சிதறாத குழு எது என்று எழுதுபவர் இல்லை. உருமியும் மெட்டலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று வழிபாட்டின் ஒலி, மற்றது மேடையின் ஒலி. இரண்டிலும் உழைக்கும் உடலை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

கல்வியாளர்கள் ஓரளவு பார்த்தார்கள். லியூ காய் குன், கெல்லி ஃபூ இருவரும் 2006-இல் சிங்கப்பூர், மலேசிய மெட்டலின் பண்பாட்டு அரசியலை எழுதினார்கள். மார்கோ ஃபெராரேசே 2014-இல் பினாங்கில் பல இன இளைஞர்களை மெட்டல் எப்படி ஒரே சமூகமாக்குகிறது என்று பதிவு செய்தார். சிங்கப்பூரின் ருத்ரா குழுவைப் பற்றி யூஜின் டேரியநாதன் 2009-இல் எழுதிய கட்டுரை, தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலை அந்த இசையின் வழியே ஆராய்ந்தது. மூன்றும் மதிப்புள்ள உழைப்பு. யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், யார் அஞ்சுகிறார்கள் என்பதை அவை சொல்கின்றன. எப்படி வாசிக்கிறார்கள் என்பது ரசிகர்களின் மாமாக் கடைப் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு கூர்மையானது, தயவு பார்க்காதது, எங்கும் எழுதி வைக்கப்படாதது.

ருத்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் தொடங்கி இன்றும் இயங்குகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இங்குள்ள தமிழ் மெட்டல் ரசிகர்களுக்கு அவர்கள்தான் முதல் பெயர். கதிர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். வடமொழி மந்திரத்தின் நெடில் குறில் ஓட்டம் ஒரு பக்கம், டெத் மெட்டல் ரிஃபின் வெட்டு ஒரு பக்கம், இரண்டையும் ஒரே ஆள் தொண்டையிலும் விரலிலும் பிரித்துப் பிடிக்க வேண்டும். ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த மூன்று தொகுப்புகளையும் வரிசையாகக் கேட்டால் எனக்குப் படுவது இதுதான்: பின்னால் வந்த பதிவுகளில் மந்திரம் மேலே ஒட்டிய அலங்காரமாக இல்லை, ரிஃபின் சந்தமே அதிலிருந்து பிறக்கிறது. வேத மெட்டல் என்ற முத்திரையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த வளர்ச்சியைப் பற்றித்தான் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சின்ன மெட்டல் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஐந்தாறு குழுக்கள் ஒரே டிரம் செட்டைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி, முக்கால் மணி கிடைக்கும். அடுத்த முறை நம் தமிழ் நாளேடு ஒரு நிருபரை அனுப்பட்டும். யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதை அவர் குறிக்க வேண்டாம். முதல் பாடலின் வேகத்தைக் கைப்பேசியில் அளந்து வைக்கட்டும், கடைசிப் பாடலிலும் அளக்கட்டும். கிதார்க்காரரின் மணிக்கட்டு எந்தப் பாடலில் மாறியது, பாடகரின் உறுமல் தொண்டையிலிருந்து வந்ததா அடிவயிற்றிலிருந்து வந்ததா, நாற்பதாவது நிமிடத்தில் டிரம்மரின் இடது கால் வலது காலுக்கு ஈடு கொடுத்ததா என்று எழுதட்டும். மறுநாள் காலை பூப்பந்து முடிவுகளுக்குப் பக்கத்திலேயே அதைப் போடலாம்.