கட்டட ஒளிப்படத்தில் ஒளியும் திருத்தமும்

கட்டடம் முப்பரிமாணமுடையது, அதன் ஒளிப்படமோ இரு பரிமாணத்துள் அடங்குவது. இவ்வாறு இழக்கப்படும் ஆழத்தைப் பார்ப்போர் மனத்தில் மீட்டுத் தருவது பெரும்பாலும் நிழலேயாகும். சூரியன் ஒளிப்படக்காரரின் முதுகுப்புறம் நிற்கும்போதும், வானத்தை முகில் மூடியிருக்கும்போதும், தூணைச் சுவரினின்றும் பிரித்துக் காட்டும் நிழல் மறைந்துவிடுகின்றது. அவ்வேளையில் எடுக்கப்படும் படம் தட்டையாகத் தோன்றுவது இயல்பே. இதனைத் தொழில்நுட்பக் குறைபாடாக மட்டுமே கொண்டு, பின்னர் செய்யும் திருத்தத்தினால் முற்றாக நீக்கிவிடலாம் எனக் கருதும் போக்கு இன்று பரவலாகக் காணப்படுகின்றது. இக்கருத்து மீள்பரிசீலனைக்குரியது.

இத்துறையின் முன்னோடிகள் சிலரது ஆக்கங்களை நோக்குமிடத்து, இப்பிரச்சினைக்கு மூன்று வகையான விடைகள் கிடைக்கின்றன. முதலாவது, உரிய ஒளியைத் தெரிதல். இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் பிரெடரிக் எவன்ஸ் 1903 இல் எடுத்த ‘படிகளின் கடல்’ என்னும் படம் இதற்குத் தக்க சான்றாகும். காலடிகளால் தேய்ந்த கற்படிகள் அலைகளெனத் தோன்றுவது அவற்றின் மேடுபள்ளங்களை வெளிப்படுத்தும் ஒளியினாலேயே. படத்தைப் பின்னர் கைவேலையால் மாற்றுவதை எவன்ஸ் ஏற்றுக்கொண்டவரல்லர்.

இரண்டாவது, ஒளியைச் சேர்த்தல். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மேலுள்ள குன்றில் கட்டடக் கலைஞர் பியர் கோனிக் அமைத்த கண்ணாடி வீட்டை யூலியஸ் ஷுல்மன் 1960 இல் இரவு வேளையில் படமெடுத்தார். கீழேயுள்ள நகர விளக்குகள் பதியும்பொருட்டுக் கமராவின் மூடி ஏறத்தாழ ஏழு நிமிடம் திறந்திருந்தது. பின்னர் வீட்டின் உட்புறம் பிளாஷ் விளக்கினால் ஒரு கணம் ஒளியூட்டப்பட்டது. வெறுங்கண் இக்காட்சியை இவ்வாறே கண்டிருக்க இயலாது. ஆயினும், வீட்டின் உட்புறத்தையும் நகரையும் ஒன்றிணைப்பதே அக்கண்ணாடிச் சுவரின் நோக்கமாதலின், சேர்க்கப்பட்ட ஒளி கட்டடத்தின் இயல்பைத் திரிக்கவில்லை, விளக்கியது எனலாம்.

மூன்றாவது, நிழலை வேண்டுமென்றே விலக்குதல். ஜேர்மனியரான பேர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் நீர்த்தாங்கிக் கோபுரங்கள், ஊதுலைகள் முதலியவற்றை முகில் மூடிய வேளைகளில் நேர்முகமாகப் படமெடுத்தனர். வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிடுவதே அவர்களது நோக்கம். அங்கு நிழல் இடையூறாகும், தட்டைத்தன்மையே முறையியலாகும். அவர்கள் பதிவுசெய்த ஆலைகள் பல பின்னர் இடிக்கப்பட்டன. அவை எவ்வாறிருந்தன என்பதற்கு அப்படங்களே இன்று சாட்சி. அவற்றை ‘அழகுபடுத்த’ முற்படின் அச்சாட்சியே பழுதுபடும்.

இம்மூன்றையும் மனங்கொண்டே திருத்தத்தின் பணியை மதிப்பிடுதல் வேண்டும். திருத்தம் கணினியோடு தோன்றியதன்று. இருட்டறையில் படத்தாளின் மீது விழும் ஒளியைக் கையாலோ அட்டையாலோ சிறிது நேரம் மறைத்தால் அவ்விடம் வெளிறும். கூடுதலாக ஒளிபடச் செய்தால் அவ்விடம் கருமையடையும். கணினித் திரையில் இன்று நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. படம் முழுவதிலும் கருமை வெண்மை வேறுபாட்டை ஒரேயளவாகக் கூட்டுவதால் ஆழம் உண்டாவதில்லை. படம் கடுமையடைகின்றது, அவ்வளவே. மாறாக, ஒளி எத்திசையிலிருந்து வந்தது என்பதை ஆராய்ந்து, ஒளிபட்ட முகத்தைச் சற்றே வெளிறச் செய்து, மறுமுகத்தைச் சற்றே கருமையாக்கினால், மங்கியிருந்த வடிவம் மீளத் துலங்கும்.

ஆயின் படத்தில் அறவே பதியாத நிழலைத் திருத்தம் மீட்க இயலாது, புனையவே இயலும். போட்டோஷொப் மென்பொருளில் 2020 இல் சேர்க்கப்பட்ட, வானத்தை மாற்றியமைக்கும் வசதி இதனைத் தெளிவாக்கும். மாலைச் சூரியன் ஒளிரும் புதிய வானத்தின் கீழ், நண்பகல் நிழலோடு நிற்கும் கட்டடம் எந்நேரத்துக்கும் உரியதன்று. பார்ப்போர் காரணத்தை அறியாவிடினும் ஏதோ பொருந்தாமையை உணர்வர். எவரும் உணராதவாறு செய்துவிடினோ, தீங்கு இன்னும் பெரிது. கட்டடம் அழிந்த பின்னர் வரும் தலைமுறை அப்புனைவையே வரலாறாகக் கொள்ளும்.

எனவே, தட்டையான படமொன்றைத் திருத்த முற்படுவோர் முதலில் வினவ வேண்டியது, அத்தட்டைத்தன்மை கவனக்குறைவால் நேர்ந்ததா, நோக்கத்தோடு தெரியப்பட்டதா என்பதே. நேர்ந்ததாயின், கட்டடத்தில் உண்மையில் விழுந்த ஒளியே திருத்தத்தின் எல்லையாகும். அவ்வொளி போதாவிடத்து, கமராவுடன் மீண்டும் அக்கட்டடத்தின் முன் செல்வதே தகும்.