புளித்த தீவனத்தின் வாசம்

குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் கம்பும் சோளமும் கோழிக்குப் புதிதல்ல. அதையே வாளியில் போட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தால், இந்த வெயிலுக்கு 2, 3 நாளில் நுரை கட்டிவிடும். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். தினமும் ஒருமுறை கிளறி, மிதப்பதை அமுக்கிவிட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது அந்த வாசம்தான்: பழைய கம்மஞ்சோற்று நீராகாரம் போல இதமான புளிப்பு. தானியத்தில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை அது. அமிலம் கூடக்கூடக் கெட்ட கிருமிகள் ஒடுங்கும். தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலமும் குறைவதால், அது பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸ், துத்தநாகம் எல்லாம் கோழிக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அழுகல் வீச்சமடித்தாலோ பூஞ்சை படர்ந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். இதில் தயவே காட்டக் கூடாது.

அடுத்த முறை பழைய புளித்தண்ணீரில் ஒரு குவளை சேர்த்தால் இன்னும் சீக்கிரம் புளிப்பேறும். காலையில் வேலைக்குக் கூட்டிப்போகப் பனியன் கம்பெனி வண்டி வருவதற்குள் வடித்துப் போட்டுவிடலாம். பெருவிடைச் சேவலும் சிறுவிடைக் கோழியும் முண்டியடித்து வரும். குருணையும் தவிடும் கலந்திருந்தால்கூட ஈரத்தில் ஒட்டிக்கொள்வதால் மண்ணில் சிதறி வீணாவது குறைவு. அன்றைக்கே தின்று தீர்க்கும் அளவு மட்டும் போட வேண்டும்.