கோவலனைக் கேட்டவர் யார்?

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வழக்குரை காதையிலேயே நின்றுவிடுகின்றனர். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, தன் தேவியின் சிலம்பில் முத்தே உண்டு என்று சற்றுமுன் சொன்ன பாண்டியன் அரியணையிலேயே மாண்டு வீழ்கிறான். அரங்கம் அதிரக் கையொலி! பிழை உணர்ந்த மறுகணமே உயிர் துறந்த மன்னனின் மாண்பே மாண்பு என்று புலவர் பெருமக்கள் பூரிக்கின்றனர். நாம் கேட்பது வேறு. அந்த வழக்கு உரைக்கப்பட்டது எப்போது? கோவலன் வெட்டுண்டு கிடந்த பிறகு! தண்டனை முந்திக்கொண்டது, விசாரணை பிந்தி வந்தது. இந்தத் தலைகீழ் நீதியின் கதை முழுவதும் கொலைக்களக் காதையில் இருக்கிறது. அதைத்தான் நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அரசன் எங்கே நின்று ஆணையிட்டான்? அவையில் அன்று. ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அவன் மனம் சென்றதால் ஊடிய தேவி, தலைநோய் என்று சொல்லி அந்தப்புரம் புகுகிறாள். அமைச்சர் சுற்றத்தை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போகும் வழியில், வாயிலில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். காணாமற்போன சிலம்போடு கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான் அவன். அந்த ஒரு வாய்ச்சொல்லே புகார், அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு! தேவியின் கால்சிலம்பு அவன் கையில் இருந்தால், கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்று காவலர்க்கு ஆணை பிறக்கிறது.

ஊர்க்காவலர் வருகின்றனர். கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைத் தண்டனைக்கு உரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டினைப் பட்டியலிடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. இந்த எட்டில் ஒன்றேனும் கோவலனைப் பற்றிய செய்தியா? இல்லை. கள்வர் எனும் கூட்டத்தைப் பற்றிய கதையளப்பு! காவலன் ஒருவனும் தன் பங்குக்கு, மழை இருளில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த ஒரு திருடனின் கதையைச் சொல்லி, விட்டுவிட்டால் அரசன் நம்மை வருத்துவானே என்று அஞ்சுகிறான். மேலிடத்து அச்சமும் கள்வர் பற்றிய கட்டுக்கதையும் கைகோத்த அந்த நொடியில், கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். “இச்சிலம்பு உனக்கு எவ்வாறு வந்தது?” என்று கோவலனைக் கேட்டவர் ஒருவருமில்லை.

இளங்கோவடிகள் இவ்வளவையும் கண்டார், மறைக்காமல் எழுதினார். அது அவர் பெருமை. ஆனால் எழுதியவரே, தீவினை பலிக்கும் காலம் வந்ததால் அரசன் அவ்வாறு மொழிந்தான் என்று வழக்கை ஊழின் தலையில் கட்டி முடித்துவிடுகிறார். உரை மரபோ அதற்கும் ஒருபடி மேலே சென்றது. கொல்வதற்காகக் கொண்டுவருக என்று சொல்லக் கருதியவன், வாய்தவறிக் கொன்று கொணர்க என்றானாம்! ஆராயாத அதிகாரத்தின் குற்றம், ஓர் எழுத்துப் பிழையாகச் சுருங்கிவிட்டது. முற்பிறப்பில் கோவலன் செய்த வினையும் துணைக்கு அழைக்கப்படுகிறது. ஊழே கொன்றதென்றால் காவலனைக் கேட்பானேன், காவலனை ஏவியவனைக் கேட்பானேன்?

திருட்டுப்போன பொருள் ஒருவன் கையில் விரைவிலேயே அகப்பட்டால், அவனைக் கள்வன் என்றோ, கள்ளப்பொருள் என அறிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு விளக்கியது. ஆனால், பொருள் வந்த வகையை அவன் விளக்க இயலாதபோதுதான் அந்த ஊகம். அன்னியன் எழுதிய சட்டம் கோவலனுக்கு வாய் திறக்க இடம் தந்திருக்கும்!

சட்டம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. 1950இல் சென்னையில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஏ.கே.கோபாலன் உச்சநீதிமன்றம் சென்றார். நாடாளுமன்றம் முறைப்படி இயற்றிய சட்டத்தின் நடைமுறை பின்பற்றப்பட்டால், 21ஆம் உறுப்புக்கு அது போதும்; அந்த நடைமுறை நேர்மையானதா என்று தோண்டுவதற்கில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. பசல் அலி மாறுபட்டார். முடியாட்சியில் மன்னன் வாய்மொழியே சட்டம். அந்த அளவுகோலை மதுரைக்குக் கொண்டுபோனால் நெடுஞ்செழியனும் குற்றமற்றவனே! மேனகா காந்தி வழக்கில் 1978இல்தான், நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்ற விளக்கம் நிலைபெற்றது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்.

ஏட்டில் நிலைபெற்றது, தெருவில்? 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, கொடிய குற்றம் ஒன்றில் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டனர் என்று உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் கூறியபோது, மலர் தூவிய கைகள் எங்கே போயின? இத்தகைய சாவுகளை வேறு காவல்நிலையத்தார் அல்லது குற்றப்புலனாய்வுத் துறையினர் விசாரிக்க வேண்டும், நிகழ்ச்சி முடிந்த கையோடு பதவி உயர்வும் வீரப்பரிசும் கூடாது என 2014இலேயே உச்சநீதிமன்றம் நெறி வகுத்திருந்தது. கண்ணகிக்குக் கடற்கரையில் 1968இல் சிலை வைத்த தமிழ்நாட்டிலும் ‘என்கவுன்ட்டர்’ செய்தி கேட்டு இனிப்பு வழங்குவோர் உண்டு என்பதை நாணத்தோடு குறிக்கின்றோம்.

காப்பியத்தின் இன்னொரு செய்தியைப் பாராட்டுரைகள் பக்குவமாகத் தாண்டிச் செல்லும். பாண்டியனுக்குப் பின் வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டானாம். பொய் சொன்னவன் ஒருவன், செத்தவர் ஆயிரவர்! தொழிலும் பிறப்புமே அவர்கள் செய்த குற்றம். வெள்ளையன் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் செய்தான். 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேருக்குக் குறையாமல் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1947இல் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று ஒரு பத்தி இருக்கலாகாது, சாதி பார்த்துக் கைதிக்கு வேலை தரலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3இல். அதுவரை அந்தப் பத்தியை நிரப்பிக்கொண்டேதான் இருந்தனர்.