பாட்டில் சொல்லுக்கு எவ்வளவு இடம்?

சங்கீதத்திற்குப் பாஷை உண்டா என்னும் வினாவைத் தமிழ்நாடு ஒரு காலத்தில் மிகுந்த உக்கிரத்தோடு விவாதித்தது. 1941-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியதிலிருந்து, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது வரை, பொருள் விளங்காத பாட்டைக் கேட்டுத் தலையசைப்பது வெறும் பாசாங்கு என்று கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் ஒரு புறம் வாதாட, நாதத்திற்கு மொழியில்லை, தியாகையரை விட்டால் சங்கீதமே இல்லை என்று வித்துவான்களிலும் சபையினரிலும் பலர் மறுபுறம் நின்றார்கள். இரு கட்சியாரின் கவனமும் எந்த மொழியில் பாடுவது என்பதிலேயே நிலைத்துவிட்டதால், ஒரு கச்சேரியில் சொல் எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் ஒதுங்கி நிற்கிறது என்ற நுட்பமான விஷயம் பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போயிற்று.

ஆலாபனையிலும் தானத்திலும் கற்பனை ஸ்வரத்திலும் சாகித்தியத்திற்கு இடமில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்தில் தோடி பெருகியபோது மெய்ம்மறந்தவர்கள் அர்த்தம் என்ன என்று கேட்டதாகச் செய்தி இல்லை. ஆனால் நிரவல் என்று வரும்போது நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. சரபோஜி மன்னரின் சம்மானத்தை மறுத்துத் தியாகராஜர் பாடியதாகச் சொல்லப்படும் கல்யாணி ராகக் கிருதியின் சரணத்தில், மனிதரைத் துதிப்பது சுகமா, இறைவனைக் கீர்த்தனம் செய்வது சுகமா என்ற கருத்துள்ள அடியை எடுத்துக்கொண்டு பாடகர் மேல்காலத்திற்கு ஏறும்போது, பொருளறிந்த ரசிகன் ஒரு மனிதன் தன் ஜீவனத்தையே பணயம் வைத்து நிற்பதைக் காண்கிறான். அறியாதவன் அழகான கல்யாணியைக் கேட்கிறான். பின்னவனுக்குக் கிடைப்பது அற்பமென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பதத்தைத் தாறுமாறாகப் பிரித்துப் பாடகர் தாளத்தில் திணிக்கும்போது முன்னவனுக்கு உண்டாகும் வேதனையிலிருந்து அவன் தப்பித்துக்கொள்கிறான் என்பது ஒரு வசதிதான்.

வியன்னா விமரிசகர் ஹான்ஸ்லிக் 1854-இல் வெளியிட்ட நூலில், மனைவியை இழந்து ஆர்பியஸ் புலம்புவதாகக் க்ளுக் அமைத்த புகழ்பெற்ற மெட்டுக்கு, அவளைத் திரும்பப் பெற்ற ஆனந்தத்தைச் சொல்லும் வார்த்தைகளும் பொருந்திவிடும் என்ற பழைய விமரிசனத்தை எடுத்துக்காட்டி, இசையின் சாரம் நாதத்தின் வடிவமேயன்றி உணர்ச்சியன்று என்று நிலைநாட்ட முயன்றார். அந்த உதாரணமே அவருக்கு எதிராகவும் சாட்சி சொல்லக்கூடும். ஒரே மெட்டு துக்கத்தையும் களிப்பையும் தாங்குமானால், எதைக் கேட்கிறோம் என்று தீர்மானிப்பது சொல்லாகத்தானே இருக்க வேண்டும்?

தென்னிந்திய உத்தியோகஸ்தர்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த தில்லி கிட்வாய் நகரில், பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்த பின்னரும், நவராத்திரிக் கொலுவின் முன் பாட்டு ஒலிக்கத்தான் செய்கிறது. இங்கே பிறந்த பெண், தேவநாகரியில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறாள். கமகம் சுத்தமாக விழுகிறது, ழகரம் வழுக்குகிறது, தெலுங்குக் கிருதிக்கும் தமிழ்ப் பதத்திற்கும் அவளுடைய முகபாவத்தில் பேதமில்லை. பாட்டு வாத்தியார் ஸ்வரத்தைத் திருத்துகிறார். பொருளைச் சொல்வதற்கு நேரம் இருப்பதில்லை.

இதே தில்லியின் பழைய சம்பிரதாயங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. கயாலின் விளம்பித கதியில் இரண்டு வரிப் பந்திஷ் ஸ்வரத்தில் கரைந்துபோகிறது. தரானாவிலோ பெரும்பாலும் பொருளற்ற அசைகளே. சில மைல் தூரத்தில், நிஜாமுத்தீன் தர்காவில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் கவ்வாலியில், ஓர் அடி கேட்பவன் உள்ளத்தில் தைத்துவிட்டது என்று கண்டால், அவன் தெளியும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவது மரபு. மெஹ்ரௌலியில் அடக்கமாகியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காக்கி, பாரசீகக் கவிதையின் ஓர் ஈரடியைக் கேட்ட பரவசத்திலேயே 1235-இல் உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

நம்மிடமும் அதற்கு நிகரான அங்கம் ஒன்று உண்டு. தாளத்தின் கட்டு அவிழ்ந்து, ராகம் சொல்லின் பின்னே நடந்துசெல்லும் விருத்தத்தை, பாசுரத்தையோ தேவாரத்தையோ அறிந்த பாடகர் பதம் பதமாக விரித்துப் பாடினால், தமிழிசைச் சண்டையின் இரு கட்சியாருமே வாயடைத்துப் போவார்கள். ஆனால் சபைகளில் அதற்குக் கிடைப்பதோ, துக்கடாக்களுக்கு நடுவே ஐந்து நிமிஷம். அதுவும் கிட்வாய் நகர் ரசிகர்கள் ஐ.என்.ஏ.வுக்கு மெட்ரோவைப் பிடிக்கச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில்.