சோதனையை எழுதியவருக்கும் மதிப்பெண் உண்டு

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சரிசெய்தே வாங்குகிறார்கள். கடைசி இலக்கம் 1, 2 என்றால் அது போய்விடும். 3, 4 என்றால் 5 ஆகும். 6, 7 என்றாலும் 5தான். 8, 9 என்றால் 10. மெர்கோங் என்ற ஊரில் மளிகைக்கடைக்குப் போய்வரும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு தெரியும். பைத்தான் கற்கும் படிவம் மூன்று மாணவர்களுக்கு இது அருமையான பயிற்சி. அவர்கள் அனுப்பும் நிரலைத் தானாக ஓட்டிச் சரி, தவறு சொல்லும் டெஸ்ட் ரன்னரை எடைபோடவும் இந்த ஒரு கணக்கு போதும்.

ரன்னரின் பெரும் பலம் வேகம். முப்பது பேரின் நிரலை ஓர் ஆசிரியர் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தருவதற்குள், என்ன நினைத்து எழுதினோம் என்பதே மாணவருக்கு மறந்திருக்கும். ரன்னரோ சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. இந்த எண்ணம் புதிதும் அல்ல. அமெரிக்காவின் ரென்சலேர் கல்லூரியில் ஜாக் ஹாலிங்ஸ்வொர்த், மாணவர்களின் துளை அட்டை நிரல்களைக் கணினியே திருத்தும் ஏற்பாட்டைப் பற்றி 1960லேயே கட்டுரை எழுதினார். இன்று சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் இணையக் கல்வித் தளம் வழியே நடத்தும் பைத்தான் பாடத்திலும் நிரல் பயிற்சிகளைக் கணினிதான் திருத்துகிறது. அத்தனை பெரிய வகுப்புக்கு வேறு வழியும் இல்லை. கையெழுத்து, பெயர், முன்வரிசை, பின்வரிசை எதையும் ரன்னர் பார்ப்பதில்லை என்பதும் சிறிய நன்மை அல்ல.

குறை தொடங்குவது சோதனைகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். 12.31, 12.33, 12.36, 12.38 என நான்கு தொகைகளைக் கொடுத்துச் சோதிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு மாணவர் தொகையை எழுத்துச் சரமாக எடுத்து, கடைசி இலக்கத்தைப் பார்த்து மாற்றுகிறார். அது 8 அல்லது 9 என்றால் முந்தைய இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பக்கத்தில் 0 போடுகிறார். நான்கும் தேறிவிடும். அதே நிரலிடம் 7.98ஐக் கொடுத்தால் 7.100 என்று விடை வரும். 9ஓடு ஒன்று கூடினால் ரிங்கிட்டே மாறும் என்பதை அவர் யோசிக்கவில்லை. சோதனை எழுதியவரும் யோசிக்கவில்லை. ஆனால் திரையில் பச்சை நிறம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நிரலை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. கையால் திருத்தும் ஆசிரியர் அசந்தால் ஒரு பிழை தப்பும். சோதனை எழுதுபவர் அசந்தாலோ வகுப்பு முழுவதும் அதே பிழை தப்பும்.

இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. 12.38ஐ 20ஆல் பெருக்கி, மிக அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மீண்டும் 20ஆல் வகுக்கிறார் இன்னொருவர். அழகான வழி. பைத்தான் 12.4 என்று அச்சிடுகிறது, ரன்னர் 12.40ஐ எதிர்பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தவறு என்கிறது. ரசீதைப் போல் இரண்டு தசம இடம் வேண்டும் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பு நியாயம். சொல்லவில்லை என்றால் அது மாணவரின் பிழையே அல்ல. தொகையைச் சென்னில் கேட்டால், அதாவது 1238ஐக் கொடுத்து 1240ஐ எதிர்பார்த்தால், இந்தச் சிக்கலே எழாது.

தமிழ் எழுத்துகளை வைத்துப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ‘மெர்கோங்’ என்பதில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையைக் கேட்டால் நான்கு என்பார். பைத்தானில் நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் எட்டு என்கிறது. ஒற்றைக்கொம்பு, புள்ளி போன்ற குறிகளையும் அது தனித்தனியே எண்ணுகிறது. லென் சொன்னதையே சரியான விடையாக வைத்துச் சோதனை எழுதினால், மொழி தெரிந்த பிள்ளை தோற்கும். இதை என்னால் ஏற்கவே முடியாது.

ரன்னரை அமைக்கும் தொழில்நுட்ப வேலை இவ்வளவு கடினமில்லை. முடிவில்லாமல் சுற்றும் நிரலை நிறுத்த நேரவரம்பு வேண்டும். இணையமும் மற்ற கோப்புகளும் எட்டாதபடி டாக்கர் போன்ற தனிப்பெட்டிக்குள் ஓட்ட வேண்டும். எக்சர்சிசம் என்ற நிரல் பயிற்சித் தளம் ஒரு நிரலுக்கு 20 நொடி தருகிறது. பள்ளிப் பயிற்சிக்கு அதில் பாதியே தாராளம்.

சோதனைகளை மாணவரிடம் மறைக்கலாமா என்ற கேள்விதான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் காட்டினால், 12.33 வந்தால் 12.35 என்று நேரடியாக விடையையே எழுதிவைப்பவர் இருப்பார். எல்லாவற்றையும் மறைத்தால், எங்கே தவறினோம் என்று தெரியாமல் ஏதோ ஒரு வரியை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதில் கற்றல் எதுவும் இல்லை. தொகையை மறைத்து, காரணத்தைச் சொல்வதே சரி என்பது என் கருத்து: ‘ரிங்கிட் மாறும் இடத்தில் தவறுகிறது’ என்ற ஒரு வரி போதும். அந்த வரியை எழுத நேரம் செலவாகும்தான். ரன்னர் மிச்சப்படுத்தும் நேரம் போகவேண்டிய இடமும் அதுதான்.

மதிப்பெண்ணை மட்டும் ரன்னரிடம் முழுமையாக விடக்கூடாது. நாற்பது இஃப் அடுக்கித் தேறியவரும், நான்கே வரியில் தெளிவாக எழுதியவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. தேறிய நிரல்களில் சிலவற்றையாவது வகுப்பில் உரக்கப் படித்துப் பேச வேண்டும். அதோடு, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு மாணவரையும் பக்கத்து நண்பர் எழுதப்போகும் நிரலை விழவைக்கக்கூடிய ஒரு தொகையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லலாம். அந்தத் தொகைகளைச் சேர்த்தே அந்த வகுப்பின் சோதனைக் கோப்பை உருவாக்கலாம்; 7.98ஐ யாராவது ஒருவர் கொண்டுவந்து விடுவார்.