வேட்டி கட்டினால் தமிழ் விளையாட்டு ஆகிவிடுமா?

தமிழ் வீடியோ கேம் என்றதும் கோபுரம், வேட்டி, வீச்சரிவாள் என்று படம் வரையத் தொடங்கிவிடுகிறோம். இவற்றை எந்த விளையாட்டின் மேலும் பூசிக்கொள்ளலாம். ஒரு விளையாட்டு யாருடையது என்பதை அதன் ஆட்டவிதிதான் காட்டிக்கொடுக்கும். தனி ஆட்களும் சிறு குழுக்களும் செய்துபார்த்த சோதனை விளையாட்டுகளை வரிசையாக ஆடினால் இது விளங்கும்.

நம் பழைய ஆட்டங்களிலேயே இதைப் பார்க்கலாம். ஆடு புலி ஆட்டத்துக்கு 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு போதும். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. கூடி நின்று மடக்கத்தான் முடியும். எளியவர் பலம் எதில் இருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது இந்த விதி. வைகுண்ட ஏகாதசி இரவில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வீடுகளில் கண்விழிக்க விரிக்கும் பரமபதம் நேர் எதிர். அங்கே சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. தாயம் விழுந்தபடி ஏணி, விழுந்தபடி பாம்பு.

கணினியில் இப்படி விதியை மட்டும் தனியே சோதித்த முக்கியமான முயற்சி, 2005இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்டல் கேம்ப்ளே ப்ராஜெக்ட்'. நால்வரில் ஷாலின் ஷோதன் இந்தியர். ஒரு விளையாட்டை ஒரே ஆள், ஏழு நாளுக்குள், பொதுத் தலைப்பு ஒன்றையொட்டிச் செய்ய வேண்டும். புவியீர்ப்பு ஒரு தலைப்பு, செடிகொடி இன்னொன்று. ஒரே பருவத்தில் 50க்கு மேல் செய்து தள்ளினார்கள். நால்வரில் இன்னொருவரான கைல் கேப்லரின் 'டவர் ஆஃப் கூ' வளர்ந்து 2008இல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' ஆனது. எல்லாம் அப்படி வளரவில்லை. எது தேறாது என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துகொள்வதும் லாபம்தானே.

குஜராத்தின் சாலா என்ற சிற்றூரில் இயங்கும் ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ் வேறு வழியில் போகிறது. துருவ் ஜானியும் சுஷாந்த் சக்ரவர்த்தியும் 'சம்வேர்' என்ற பெரிய கனவின் துண்டுகளைத் தனித்தனி விளையாட்டுகளாகவே வெளியிட்டார்கள். மீர் உமர் ஹசன் என்ற கற்பனை எழுத்தாளரின் கதைகளுக்குள் நடந்து திரிய வைப்பவை அவை. நடையும் வாசிப்பும்தான் ஆட்டம்.

கனடாவில் வளர்ந்த தமிழர் அபியின் 'வெண்பா' விளையாட்டு 2023இல் வந்தது. 1980களில் டொராண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா தந்த சமையல் குறிப்பேடு கறைபட்டுக் கிடக்கிறது. அழிந்த வரியை ஆடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி எல்லா இட்லிக்கும் போகும்படி அடுக்க வேண்டும். பிசகினால் மறுபடி வைக்கலாம். கடிகாரமும் மதிப்பெண்ணும் கிடையாது. புலம்பெயர்ந்தவர் எதை இழந்தார், எதை ஊகித்து மீட்டார் என்பது இங்கே கதையில் மட்டுமின்றிக் கைவேலையிலும் வந்துவிடுகிறது. 2024இல் ஐஜிஎஃப் எனும் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் பெற்றது. சமையல் புதிர்கள் மிகக் குறைவு என்பது குறைதான், சூடுபிடிக்கும்போது முடிந்துவிடுகிறது.

உள்ளூரில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. கோடையில் தண்ணீர் லாரி வரும் தெருவில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். யார் குடத்தை யார் நகர்த்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை குடம் இடம் பிடிக்கலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டம். ஏழு நாளில் ஒருவர் செய்துபார்க்க இதுவே போதும். கோபுரம் வரைய வேண்டியதில்லை.